கப்பல் வராத வாரம்

நெய்வேலி ஆர்ச் கேட்டில், மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, அம்மா வீட்டுக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கிறேன். முந்திரிக்கொட்டை வாங்க ஆப்பிரிக்காவின் கினி-பிசாவ் போன கணவர் நான்கு நாளாகப் பேசவில்லை. அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்து எல்லையை மூடிவிட்டது. பண்ருட்டியில் மாமியாருடனேயே காத்திருந்திருக்க வேண்டுமோ?

பக்கத்தில் நிற்கும் முத்தாண்டிக்குப்பத்து அக்காவுக்கு முந்திரி உடைத்து விரலெல்லாம் கறுத்திருக்கிறது.

"கொட்ட வர்ற நாட்டுல ஓட்டு முடிவு சொல்றதுக்குள்ள பட்டாளத்தானுங்க பூந்துட்டானுங்களாம். கொட்ட வராதுன்னு கம்பெனில லீவு வுட்டுட்டாங்க. எவனோ நாற்காலிய புடிக்க, நான் வூட்ல குந்திக்கினு இருக்கேன்!" என்று சிரிக்கிறார். பிறகு, இந்தச் சுரங்க ஊரில் எல்லோரும் கேட்பதைக் கேட்கிறார். "உங்க வூட்டுக்காரரு எந்த ஷிப்டும்மா?"

"செகண்ட் ஷிப்டுக்கா."

"அப்ப பத்து மணிக்கு மேல வந்துடுவாரு."

தலையாட்டுகிறேன். மகன் என் முகத்தைத் தன் பக்கம் திருப்புகிறான்.

"அப்பா வராங்களாம்மா?"