ஐப்பசியில் உள்ளே வந்த தொட்டிகள்

மங்கலத்தில் தறி ஓட்டிய குடும்பத்துப் பெண்ணான குழந்தையம்மாளுக்கு ஆர்க்கிட் செடி மேல் ஆசை வந்தது தற்செயலாகத்தான். கணவர் திருமூர்த்தி ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். முதலாளி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு யாரோ பரிசாகக் கொடுத்த தொட்டி, பூ உதிர்ந்ததும் குப்பையோடு வாசலில் கிடந்தது. குழந்தையம்மாள் அதை எடுத்து வந்து, கரித்துண்டும் தேங்காய் மட்டையும் போட்டு நட்டுவைத்தார். மறு வருஷம் ஊதா நிறத்தில் கொத்தாகப் பூத்தது. அதன் கன்றுகளைப் பிரித்துப் பிரித்து வைத்ததில் வாசலெல்லாம் தொட்டியாகிவிட்டது.

அந்தச் செடிகளுக்கு இந்த ஊர் வெயிலும் ஆகாது, விடாத மழையும் ஆகாது. சித்திரையில் இலை கருகும் என்று உள்ளே தூக்கி வருவார். ஆனியில் காற்று குளிர்ந்ததும் வாசலில் பச்சை வலைக்கடியில் வைப்பார். ஐப்பசி மழை பிடித்தால் குருத்தில் தண்ணீர் நின்று அழுகும், திரும்பவும் உள்ளே. தை வெயில் வந்தால் வெளியே. தறிகளை எடைக்குப் போட்டுவிட்ட பிறகு அவருக்கு வேலை என்று இருந்தது அதுதான்.

போன ஆடியில் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். இடது காலும் கையும் மரத்துப் போயின, கிள்ளினாலும் தெரியவில்லை. இடது கண்ணிமை பாதி சரிந்துவிட்டது. பேச வாயெடுத்தால் முதல் எழுத்தோடு சொல் நின்றுவிடும். அன்றிலிருந்து பயம் அவரோடு கட்டிலில் படுத்துக்கொண்டது. கணவரின் காலடிச் சத்தம் காதுக்கு எட்டாமல் போனால் நெஞ்சு படபடக்கும். தீப்பிடித்தால், திருடன் வந்தால், இந்த மின்விசிறி கழன்று விழுந்தால் என்று பகலெல்லாம் யோசிப்பார்.

ஐப்பசி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. மின்சாரம் போனது. குழந்தையம்மாள் வாசலைக் காட்டிக் காட்டித் தவித்தார்.

"தெரியுது அம்மிணி, எடுத்து வெக்கறேன். நீயி பொறுமையா இரு" என்றார் திருமூர்த்தி. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, மனைவி கண்ணுக்குப் படட்டும் என்று கட்டிலை ஒட்டிய பெஞ்சின் மேல் வரிசையாக வைத்தார்.

கடைசித் தொட்டியை வைத்துவிட்டு அவர் தலை துவட்டப் போனார். அந்தத் தொட்டியின் விளிம்பில் ஒரு வேர் தொங்கிக்கொண்டிருந்ததைக் குழந்தையம்மாள் பார்த்தார். ஆர்க்கிட் வேர்கள் அப்படித்தான் வெளியே தொங்கும். ஆனால் இது கறுப்பாக இருந்தது. வீட்டுக்குள் காற்றில்லை, வேர் அசைந்தது. மெல்லக் கீழே இறங்கி, நீண்டது. உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள்.

"பா..." என்றார். "பா... பா..."

"பாலா? இரு, காச்சியே கொண்டாறேன்" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

பாம்பு பெஞ்சிலிருந்து கட்டிலுக்கு வந்தது. போர்வைக்கு வெளியே கிடந்த இடது கால் மேல் ஏறி, கணுக்காலருகே சற்று நின்றது. குழந்தையம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார். காலில் ஒன்றுமே தெரியவில்லை. அந்தக் கால் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. உதறவும் முடியாது, இழுக்கவும் முடியாது. மூச்சை அடக்கிக்கொண்டார். காதுக்குள் தன் ரத்தம் ஓடும் சத்தமே தறிச் சத்தமாகக் கேட்டது. பாம்பு மறுபக்கம் வழிந்து தரையில் விழுந்தது. அதே நேரத்தில் திருமூர்த்தி வெறுங்காலோடு பால் டம்ளரை ஏந்திக்கொண்டு இருட்டில் வந்தார்.

வலது கைக்கு எட்டியது தலைமாட்டில் இருந்த தண்ணீர்ச் சொம்பு. அதைத் தூக்கிக் கணவர் முன்னால் வீசினார்.

"ஏனம்மிணி, கிறுக்குப் புடிச்சுப்போச்சா?" என்று நின்றவர், மனைவியின் விரல் காட்டிய தரையைப் பார்த்தார். பால் டம்ளர் கையிலிருந்து நழுவியது.

மாடியில் குடியிருக்கும் ராபின் ஒரே கூப்பாட்டில் இறங்கி வந்தான். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் டெய்லர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். பாம்பு பீரோவுக்கு அடியில் போயிருந்தது. "அண்ணாச்சி, நீங்க போன்ல டார்ச் அடிச்சு பீரோவையே பாத்துக்கிட்டு நில்லுங்க. அக்காவ நான் தூக்குதேன்" என்று, குழந்தையம்மாளைப் போர்வையோடு அள்ளி மாடிப்படிக்குக் கொண்டுபோனான்.

தீயணைப்பு வீரர்கள் வந்து பிடித்தார்கள். ஒரு சாணுக்குச் சற்று அதிகம் இருக்கும். பிடித்தவர் அதைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினார். "கட்டுவிரியன் குட்டிங்க. மேல பட்டுச்சா?"

"கால் மேல ஏறுச்சாமுங்க" என்றார் திருமூர்த்தி. மாடிப்படியில் வைத்துக் குழந்தையம்மாள் இடது காலைத் தொட்டுத் தொட்டுக் காட்டியிருந்தார்.

"கடிச்சா வலிக்காதுங்க இது. பல் பட்ட தடமும் சரியாத் தெரியாது. ஆசுபத்திரிக்குக் கூட்டீட்டுப் போயிருங்க."

காலை டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கொசுக்கடித் தடிப்புகளுக்கு நடுவே எதுவும் சொல்ல முடியவில்லை. வலித்ததா என்று கேட்கவும் வழியில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா குழந்தையம்மாளின் முகத்தை நிமிர்த்தினார். "இந்த விஷம் ஏறினா முதல்ல கண்ணிமைதான் தொங்கும். இவங்களுக்கு இடது இமை தொங்கியிருக்கே, இது எப்பவுமே இப்படியா?"

"பக்கவாதத்துக்கப்புறம் இப்படித்தானுங்க" என்ற திருமூர்த்தி, குனிந்து உற்றுப் பார்த்தார். குரல் இறங்கியது. "இல்லீங்க... இத்தன தொங்கலீங்களோ என்னமோ..."

இமை எவ்வளவு தொங்கியிருந்தது என்று குழந்தையம்மாளுக்கே தெரியாது. விழுந்த நாளிலிருந்து அவர் கண்ணாடியே பார்த்ததில்லை. வலது கண்ணை மூட விடாமல் திறந்தே வைத்திருந்தார். மூடினால் திரும்பத் திறக்காது என்று தோன்றியது. நர்ஸ் வந்து வலது இமையைத் தூக்கச் சொல்லும் ஒவ்வொரு தடவையும், தூக்கும் வரை, இதோ இந்தத் தடவைதான் என்று நினைத்தார். திருமூர்த்தி வலது கையை விடவேயில்லை.

மறுநாள் மாலை டாக்டரம்மா சிரித்தபடி வந்தார். "கடிக்கல. வீட்டுக்குப் போகலாம்." திருமூர்த்தி சுவரில் சாய்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

வீட்டுக்கு வந்தால், ராபின் எல்லாத் தொட்டிகளையும் மழையிலேயே வெளியே வைத்திருந்தான். "யாருக்காச்சும் குடுத்தர்லாம் அம்மிணி. இனி வேண்டாம்" என்றார் திருமூர்த்தி. தொட்டிகள் அங்கேயே கிடந்தன. யாரும் கேட்டு வரவில்லை; திருமூர்த்தியும் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. மழையில் பாதிச் செடிகள் அழுகின. பிழைத்தவை மாசியில் பூத்தன.

சித்திரை வெயில் ஏறியதும் திருமூர்த்தி தாமாகவே வாசலில் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பினார். குழந்தையம்மாளை நாற்காலியில் உட்காரவைத்து, காலைத் தூக்கி ஸ்டூலின் மேல் வைத்தார். ஒவ்வொரு தொட்டியையும் விளிம்பு வரை தண்ணீரில் அமுக்கிப் பிடித்தார். குமிழி அடங்கும் வரை காத்திருந்தார். எறும்பும் ஒரு மரவட்டையும் மிதந்தன. வேறெதுவும் இல்லை.

"ஒன்னுமில்ல அம்மிணி. உள்ள வெக்கட்டுமா?"

குழந்தையம்மாளின் வலது கை நாற்காலிப் பிடியை இறுக்கியிருந்தது. உதடுகள் வெகுநேரம் முயன்றன.

"இன்... னொருக்கா" என்றார்.

திருமூர்த்தி கையிலிருந்த தொட்டியை மீண்டும் தண்ணீருக்குள் அமுக்கினார்.