ரப்பர் வளையல்

நிக்கோபாரில், கட்சால் தீவில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் வாளி. சிவப்பு நிறம். ஓடையிலிருந்து குடிதண்ணீர் அதில்தான் வரும். அதைப் பாறையில் போட்டு, அடியில் விரல் நீளத்துக்கு வெடிப்பு விழ வைத்தது நான். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு மத்தியானம் வருவதற்குள் வாளி சரியாகிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு கவலை இல்லை.

மாமாவிடம் ஓடினேன். அம்மாவின் தம்பி, சிலோனிலிருந்து எங்களுக்குப் பின்னால் ஒரு வருஷம் கழித்து வந்து சேர்ந்தவர். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை. உலகத்தில் உருகுகிற எல்லாவற்றையும் பற்றித் தமக்குத் தெரியும் என்ற நினைப்பு அவருக்கு. கத்தியை அடுப்பில் செருகிவிட்டு, ஒட்டுப் போட ஏதாவது பழைய பிளாஸ்டிக் கொண்டுவரச் சொன்னார். உடைந்த சீப்பைக் கொடுத்தேன். அதன் முனையைக் கொளுத்தி முகர்ந்து பார்த்தார்.

“இதுக்கும் ஜாதி பாக்கணும் புள்ள. வாளி எரிஞ்சா மெழுகுவத்தி வாசம் வரும். இது வேற ஜாதி, ஒட்டாது.”

சோப்புப் பெட்டியும் வேறு ஜாதியாகப் போயிற்று. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அம்மாவின் தகரப்பெட்டி ஞாபகம் வந்தது. அதில் தங்கச்சியின் ஆறு சிவப்பு வளையல்கள் இருந்தன. போன மழைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்தவள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கப்பல் வருவதற்குள் போய்விட்டாள். அவளை யாரும் போட்டோ எடுத்ததில்லை. சிலோனிலிருந்து மெயின்லேண்டில், இந்தியக் கரையில் வந்து இறங்கியபோது அம்மா அவளுக்கு வாங்கிப் போட்ட வளையல்கள் அவை. பிளாஸ்டிக்தான், ஆனாலும் எல்லோரும் ரப்பர் வளையல் என்றுதான் சொல்வார்கள். எங்கள் தீவில் ரப்பருக்கா பஞ்சம்? இன்னும் ஆறு செய்துகொண்டால் போயிற்று என்று நினைத்தேன்.

வளையலைக் கொளுத்தியதும் மெழுகுவர்த்தி வாசம் வந்தது. மாமாவுக்குச் சந்தோஷம். யாருடையது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆறு வளையல்களும் உருகி வெடிப்பில் படிந்தன. தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அம்மா வந்ததும் வாளியைத் தூக்கினாள். அடியில் இருந்த தழும்பைத் தடவினாள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள்.

“ஆறையுமா போட்ட?”

“ஆமாம்மா.”

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். விழவில்லை. வாளியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

புதிதாக ஆறு செய்துவிடலாம் என்ற என் கணக்கு அப்படியே இருந்தது. தங்கச்சியின் கைப் பருமனுக்கு ஒரு மூங்கில் துண்டு தேடினேன். சிரட்டையில் ரப்பர் பால் எடுத்து அதன்மேல் பூசி, காயக் காய மறுபடி பூசி, இரண்டு நாள் கழித்து உருட்டிக் கழற்றினேன். மஞ்சளாக, கொஞ்சம் நாற்றத்தோடு ஒரு வளையல் வந்தது.

“தங்கச்சி அளவுதாம்மா” என்று நீட்டினேன்.

அம்மா அதை வாங்கித் தன் கையில் போட்டுப் பார்த்தாள். பழைய வளையல் அவள் விரல்களைத் தாண்டியிருக்காது. இது இழுபட்டு இழுபட்டு மணிக்கட்டு வரைக்கும் ஏறிவிட்டது. அப்போது அழ ஆரம்பித்தாள். தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

கையை இறுக்குகிறது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

“அழாதம்மா,” என்றேன். “நாளைக்கு லூசா செஞ்சு தாரேன்.”