ஓர்வில் அண்ணையும் அவர் மறந்த பிள்ளையும்

அம்மா ஊற்றிவைத்த தேத்தண்ணியின் மேல் மெல்லிய வட்டங்கள் எழும்பி எழும்பி அடங்கும். யாரும் கோப்பையைத் தொட்டிருக்க மாட்டார்கள். கீழ்மாடியில் இருந்து கித்தாரின் கனத்த ஒலி சுவர் வழியே ஏறி, சூடாக்கும் இரும்புக் குழாய்களை முனக வைத்து, சாப்பாட்டு மேசையின் கால்கள் ஊடாகக் கோப்பைக்குள் வந்து சேரும். எண்பதுகளின் நடுவில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் நாங்கள் அகதிகளாகக் குடியேறிய முதல் குளிர்காலத்தில், மொன்றியல் எனக்கு அப்படித்தான் அறிமுகமானது. அம்மா அதற்கு "இடி வீடு" என்று பெயர் வைத்திருந்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. நான், அம்மா, அப்பாவின் தம்பியான ரவிச் சித்தப்பா என்று மூன்று பேர் அந்த வீட்டில் இருந்தோம். அப்பா ஜேர்மனியில் மாட்டிக்கொண்டிருந்தார். விசா கிடைத்தால் வருவார் என்பது எங்கள் வீட்டில் நாளுக்கு நாலு தடவை சொல்லப்படும் வாக்கியம். சித்தப்பா திருகோணமலையில், ஆட்டம்போட வைக்கும் பைலாப் பாட்டுக் கோஷ்டி ஒன்றில் ட்ரம்ஸ் அடித்தவர். கலவரத்தில் அந்தக் கோஷ்டி சிதறிய பிறகு அவர் கையால் ஒரு மேசையில்கூடத் தாளம் போட்டதை நான் பார்க்கவில்லை. நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் மருந்துப் பெட்டி அடுக்கும் வேலை, சாப்பாடு, நித்திரை என்று மட்டுமே வாழ்ந்தார். கேட்ட கேள்விக்கு "ஓம்", "இல்லை" என்ற இரண்டு சொற்களுக்கு மேல் அவரிடம் பதில் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அம்மாவின் பொறுமை போய்விட்டது. "தம்பி, கீழ போய் அந்த மனுசனிட்டச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப்போட்டு வாரும்" என்று சித்தப்பாவை அனுப்பினார். சித்தப்பா மூன்று மணித்தியாலம் கழித்துத்தான் திரும்பி வந்தார். முகம் சிவந்து, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"குறைக்கச் சொன்னீரோ?"

"மறந்துபோனன் அண்ணி."

அவர் அன்று சிரித்தார். கனடாவுக்கு வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

கீழே இருந்தவர் பெயர் ஓர்வில். ஜமெய்க்காவில் பிறந்த ரெகே பாடகர். இளமையில் அவர் பாடிய இரண்டு பாட்டுகள் இங்கிலாந்து வரை போய் வானொலிகளில் ஓயாமல் ஒலித்தனவாம். மொன்றியலுக்குக் கச்சேரி செய்ய வந்தவர், பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய சுவரில் பெரிய பெரிய பாடகர்களோடு தோளில் கைபோட்டு நின்ற படங்கள் இருந்தன. சித்தப்பா அவரை "ஓர்வில் அண்ணை" என்று கூப்பிட, அதை அவர் ஏதோ பட்டம் என்று நினைத்து, தொலைபேசியில் பேசும்போதுகூடத் தன்னை அப்படியே சொல்லிக்கொள்ளத் தொடங்கினார்.

அதன்பிறகு ஞாயிறுகளில் நானும் சித்தப்பாவோடு இறங்கிப் போவேன். ஓர்வில் அண்ணையின் அறை மூலையில் கிடந்த ட்ரம்ஸின் முன் சித்தப்பா உட்காருவார். ரெகேயில் தாளத்தின் முதல் அடியை அடிக்கக் கூடாது என்பதை அங்கேதான் அறிந்தேன். எல்லாரும் எதிர்பார்க்கிற அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அதற்குப் பிறகு அடிக்க வேண்டும். பைலாவில் முதல் அடியிலேயே விழுந்து பழகிய சித்தப்பாவின் கை திரும்பத் திரும்பப் பிழைத்தது. ஓர்வில் அண்ணை கோபிக்கவே மாட்டார். "அவசரப்படாதே, அது எங்கேயும் போகாது" என்பார். சித்தப்பாவுக்கு அது கைகூடிய நாளில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்த வாரம் முழுக்கச் சித்தப்பா சோற்றுக் கோப்பையிலும், கதவிலும், என் முதுகிலும் தாளம் போட்டார். அம்மா சத்தத்தைப் பற்றிக் கதைப்பதை நிறுத்திவிட்டார்.

சுவரில் இருந்த பாடகர்களைப் பற்றி ஓர்வில் அண்ணை கதை கதையாகச் சொல்லுவார். சிறு தீவொன்றின் தகரக் கொட்டில்களில் பிறந்த இசை, தங்கள் முன்னோரை அடிமைகளாக விற்ற நாடுகளையே ஆடவைத்ததைச் சொல்லும்போது அவர் எழுந்து நின்றுவிடுவார். அதே மூச்சில், இவர் பெண்டாட்டிக்குக் கை நீட்டுவார், அவருக்குத் தன் பிள்ளைகள் எத்தனை பேர் என்றே தெரியாது, மற்றவர் நண்பன் எழுதிய பாட்டைத் தன்னுடையது என்று பதிவு செய்தவர் என்றும் சொல்லிச் சிரிப்பார். தன்னைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

மாசி மாதத்தில், புதிதாக வந்திறங்கும் எங்கள் ஆட்களுக்குக் குளிருடுப்புச் சேர்ப்பதற்காக ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் கச்சேரி ஒழுங்கானது. நுழைவுச்சீட்டுக்குப் பதில் ஆளுக்கொரு கோட்டோ கம்பளியோ கொண்டுவர வேண்டும். "கோட்டுக் கச்சேரி" என்று எங்கள் சனம் அதைச் சொன்னது. ஓர்வில் அண்ணை பாடுகிறார், சித்தப்பா ட்ரம்ஸ் அடிக்கிறார் என்பதால் எனக்கு ஒரு கிழமையாக நித்திரையில்லை. சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் முதலே போய்விட்டார்கள். நானும் அம்மாவும் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"என் அப்பா இருக்கிறாரா?" என்று ஆங்கிலத்தில் ஒரு சிறுமியின் குரல் கேட்டது.

அவள் பெயர் நடீன். ஓர்வில் அண்ணையின் மகள். தாயோடு ரொறொன்ரோவில் இருப்பவள். அப்படி ஒரு பிள்ளை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. தன் தொலைபேசி துண்டிக்கப்பட்டிருந்ததால் அவர் எங்கள் இலக்கத்தைக் கொடுத்திருந்தார். பாடசாலை விடுமுறைக்கு வரச் சொல்லி அவரே அழைத்திருந்தார். பஸ்ஸில் தனியே வந்து இறங்கியவள் இரண்டு மணித்தியாலமாக நிலையத்தில் காத்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னதைக் கேட்டதும் அம்மா கைப்பையை எடுத்தார். அம்மாவுக்கு ஆங்கிலமும் வராது, பிரெஞ்சும் வராது. மெற்றோவில் தனியாக அவ்வளவு தூரம் போனதும் கிடையாது. "கச்சேரி தொடங்கிடும் அம்மா" என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் மற்றச் சப்பாத்தையும் மாட்டினேன்.

நடீன் தன் சூட்கேசின் மேல் உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான். பனிக்கு ஆகாத மெல்லிய சப்பாத்து. அம்மா குனிந்து அவள் கால்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் கம்பளி மேற்காலுறைகளைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டார். திரும்பி வரும்போது மெற்றோவில் நடீன் பைக்குள் இருந்து ஓர் இசைத்தட்டை எடுத்துக் காட்டினாள். அட்டையில் இளமையான ஓர்வில் அண்ணை ஒரு கைக்குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது நீயா?" என்று கேட்டேன்.

"இல்லை. படம் எடுத்தவரின் பிள்ளை."

நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது கோட்டுகள் மலைபோலக் குவிந்திருந்தன. ஓர்வில் அண்ணை கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். அவருடைய புகழ்பெற்ற பாட்டு அது. எந்தப் பிள்ளையும் வாசலில் தனியே நிற்க வேண்டாம், நான் வந்து கூட்டிப்போவேன் என்று வரும். மொழி தெரியாத எங்கள் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரலைப் போல ஒரு குரலை நான் அதற்குப் பிறகும் கேட்கவில்லை. பின்னால் சித்தப்பா முதல் அடியை விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்த ஓர்வில் அண்ணை கதவருகே மகளைக் கண்டார். அவருடைய குரல் ஒரு கணம் தடுக்கியது. ஆனால் பாட்டை நிறுத்தவில்லை. கடைசி வரி வரைக்கும் பாடிவிட்டு, கைதட்டல் ஓயும் முன்னே இறங்கி வந்தார்.

அம்மா அவர் எதிரே போய் நின்றார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. என்ர பிள்ளையின்ர தகப்பன் வர ஏலாமல் அங்க கிடந்து அழுறார். நீர் இஞ்ச இருந்துகொண்டே பிள்ளையைக் கூட்டிவரப் போகேல்ல. உமக்கு வெக்கமா இல்லையோ?"

ஓர்வில் அண்ணைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. "அம்மா என்ன சொல்கிறார்?" என்று என்னைக் கேட்டார். சித்தப்பாவைச் சிரிக்க வைத்த மனிதர், என் கண்ணுக்கு ராஜா மாதிரி இருந்தவர்.

"பாட்டு நல்லாயிருக்காம்" என்று மட்டும் சொன்னேன்.

நடீன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அவர் சொன்னது அது மட்டும் இல்லை" என்றாள். தமிழ் தெரியாத அவளுக்கு அம்மாவின் குரலே போதுமாக இருந்தது.

நான் அழுதுகொண்டே மிச்சத்தையும் சொன்னேன். ஓர்வில் அண்ணை தொப்பியைக் கழற்றினார். "அவர் சொல்வது சரி" என்றார். மகளின் முன் முழங்காலிட்டு, அவள் காலில் கிடந்த பெரிய மேற்காலுறைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ட்ரம்ஸ் தடிகளோடு நின்ற சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றோடு அவர் திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த நாள் காலையில் மகளுக்கு அப்பம் சுடப்போவதாகச் சொல்லிவிட்டு மா வாங்க மூலைக்கடைக்குப் போனவர், பின்னேரம்தான் வந்தார். அந்த விடுமுறையில் நடீன் பாதி நாட்கள் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு, என் கட்டிலிலேயே படுத்தாள். இடியப்பத்தை நூல் நூலாகப் பிரித்துச் சாப்பிடுவாள். போகும் நாளில் மட்டும் அவர் நேரத்துக்கு முன்பே தயாராகி, சூட்கேசைத் தூக்கிக்கொண்டு கூடப் போனார். அதற்கு அடுத்த கோடையில் அவர் யாரிடமும் சொல்லாமல் வீட்டைக் காலி செய்துவிட்டார். ட்ரம்ஸை மட்டும் எங்கள் கதவருகே வைத்துவிட்டுப் போனார்.

வளர்ந்த பிறகு ரெகே பாடகர்களின் வாழ்க்கையைத் தேடித் தேடிப் படித்தேன். ஓர்வில் அண்ணை சிரித்துக்கொண்டு சொன்னவற்றை இப்போது என்னால் சிரித்துக்கொண்டு படிக்க முடிவதில்லை. அந்தக் கதைகள் ஒவ்வொன்றிலும் எங்கோ ஒரு பிள்ளை சூட்கேசின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இருந்தாலும் அந்தப் பாட்டுகளை விட்டுவிட என்னால் முடியவில்லை. பேச்சு நின்றுபோன என் சித்தப்பாவுக்குக் கையைத் திருப்பிக் கொடுத்தது அந்த இசை. அவர் பிறகு முப்பது வருடங்கள் எங்கள் சனத்தின் கலியாணங்களில் எல்லாம் அடித்தார். அதைக் கொடுத்தவர் கெட்டவர் என்று என் வாயால் வராது. நல்ல தகப்பன் என்றும் வராது.

இப்போது அந்த மண்டபம் இல்லை. அங்கே கண்ணாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அன்றைய கச்சேரியை யாரோ பதிவு செய்த ஒலிநாடா வீடு மாறி மாறிப் போனதில் எங்கேயோ தொலைந்துவிட்டது. ஓர்வில் அண்ணை இறந்து வெகுகாலமாகிறது. அவர் பெயரைச் சொன்னால் தெரிந்தவர்கள் குறைவு.

போன மாதம் ரொறொன்ரோவில் நடீன் வீட்டுக்குப் போயிருந்தேன். தகப்பனின் பாட்டுகளைத் தன் மகனுக்கு ஒருநாளும் போட்டுக் காட்டியதில்லை என்றாள். அவள் தேத்தண்ணி போட எழுந்து போனதும், வரவேற்பறையில் படம் கீறிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை, வாசலில் தனியே நிற்க வேண்டாம் என்ற பாட்டை முதலில் இருந்து கடைசி வரி வரைக்கும் பிழையில்லாமல் பாடினான்.

"யார் சொல்லித் தந்தது?" என்று கேட்டேன்.

"ஒருவரும் இல்லை. அம்மா பாத்திரம் கழுவும்போது பாடுவார்" என்றான்.