டாங்காவின் பின் இருக்கை

குதிரை வண்டியில் முன் இருக்கை கிடைத்ததற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட குழந்தை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மற்ற பிள்ளைகள் எல்லாம் அந்த இடத்துக்குத்தான் அடித்துக்கொள்ளும். வண்டிக்காரருக்குப் பக்கத்தில், குதிரையின் வாலுக்கு நேர் பின்னால், கெஞ்சினால் கடிவாள வாரைக்கூடப் பிடித்துப் பார்க்கலாம். எனக்கு அதெல்லாம் வேண்டாம். எனக்கு வேண்டியது பின் இருக்கை. அங்கேதான் அம்மா இருந்தாள். அம்மாவை ஒட்டிக்கொண்டு அக்கா இருந்தாள்.

அக்கா என்றால் பெரியம்மாவின் பெண். பத்தாவது பரீட்சை எழுதி முடித்துவிட்டு, பாளையங்கோட்டையிலிருந்து லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அப்பா விமானப்படையில் இருந்தார், நாங்கள் புனேயில் லோஹேகாவ் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் பிறந்தது ஜோத்பூரில், பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது பட்டாண்கோட்டில், புனேக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. அதனால் என் வாயில் இந்திதான் முதலில் வரும். தமிழ் என்பது வீட்டில் அம்மா பேசுவது, நான் கேட்டுப் புரிந்துகொண்டு இந்தியில் பதில் சொல்வது. குவார்ட்டர்ஸில் வேறு இரண்டு தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ஒன்று வேலூர், ஒன்று சென்னை. அந்த மாமிகளிடம் அம்மா பாங்க் கவுண்ட்டரில் பேசுகிற மாதிரி, ஊர்ப்பேச்சு வந்துவிடாமல் ஜாக்கிரதையாகப் பேசுவாள். மீதி நேரமெல்லாம் காய்கறிக்காரனிடமும் பால்காரனிடமும் அவளும் இந்திதான். என்னையே அவள் இந்தியில், பிள்ளை என்ற பொருளில், "பேட்டா" என்றுதான் கூப்பிடுவாள். அக்கம்பக்கத்து அம்மாக்கள் எல்லாரும் தங்கள் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். எனக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை, அக்கா வந்து இறங்கும்வரை.

ஸ்டேஷனில் அக்காவைப் பார்த்ததும் அம்மா, "ஏட்டி, வந்துட்டியாட்டி!" என்று கத்தினாள். அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிளாட்பாரத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாகூடக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

அன்றிலிருந்து அம்மா வேறு ஆளாகிவிட்டாள். காலையில் காப்பிக்கு உட்கார்ந்தால் பேச்சு, துணி அலசும்போது பேச்சு, மத்தியானம் தரையில் தலையணை போட்டுப் படுத்துக்கொண்டு பேச்சு. பேச்சு என்றால் சாதாரணப் பேச்சு இல்லை. அம்மாவின் வாயிலிருந்து சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வரும். எனக்குப் பத்தில் நாலு புரிந்தால் அதிகம். நடுவில் போய் உட்கார்ந்து, என்ன என்ன என்று கேட்பேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்து ஒரே மாதிரி சிரிப்பார்கள். ஊரில் யாரோ மாமா, யாரோ மதினி, யார் வீட்டுக் கல்யாணத்திலோ யாரோ கோபித்துக்கொண்டு போனது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரிப்பாள். நான் தலைகீழாக நின்று வேடிக்கை காட்டியபோதுகூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அக்கா எனக்குத் தலை பின்னிவிட்டாள், கருப்பட்டி மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தாள், ராத்திரி விசிறிவிட்டாள். ஒன்றும் என்னிடம் செல்லவில்லை. அவள் எப்போது ஊருக்குப் போவாள் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. ஊரைச் சுற்றிக் காட்டவே இல்லை என்று அம்மா அப்பாவைக் குடைந்ததில், நகரத்துக்கு வெளியே மலையடிவாரத்தில் காட்டிலாகா வைத்திருந்த வனப் பூங்காவுக்குப் போனோம். இரண்டு பஸ் மாற வேண்டும். கேட்டுக்கு உள்ளே கார், ஸ்கூட்டர் எதுவும் போகக் கூடாது. மேலே ஏரிவரைக்கும் நடக்கலாம், அல்லது டாங்கா என்கிற குதிரை வண்டியில் போகலாம். ஏறி உட்கார்வதற்குள் முடிந்துவிடுகிற சின்ன சவாரிதான். ஆனால் இரண்டு பக்கமும் தேக்கும் மூங்கிலும், அங்கங்கே மயிலும். அப்பா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆகாயத்தில் பறப்பதைத் தவிர வேறு எதையும் வாகனம் என்று ஒப்புக்கொள்ளாதவர் அவர். பேப்பரைப் பிரித்துக்கொண்டு கேட்டு வாசல் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்.

டாங்காவுக்கு இரண்டே சக்கரம். முன் இருக்கையும் பின் இருக்கையும் ஒரே பலகையில் முதுகைச் சாய்த்துக்கொள்கிற மாதிரி அமைந்தவை. முன்னால் உட்கார்ந்தவர்களுக்குக் குதிரையும் வழியும் தெரியும். பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு, கடந்து வந்த வழி மட்டும்தான் தெரியும். நான் ஓடிப்போய்ப் பின் இருக்கையில் அம்மாவுக்கு இடம் விட்டு ஏறிக்கொண்டேன். டாங்காவாலா, தாடிக்கு மருதாணி போட்டிருந்த பெரியவர், எங்கள் மூன்று பேரையும் அரிசி மூட்டையைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். அம்மாவையும் அக்காவையும் பின்னால் கைகாட்டிவிட்டு, "பேபி ஆகே," என்று என்னைத் தூக்கித் தன் பக்கத்தில் வைத்துவிட்டார். இரண்டு சக்கர வண்டியில் பாரம் முன்னும் பின்னும் சமமாக இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் குதிரைக்குக் கழுத்து வலிக்குமாம். குதிரையின் கழுத்துக்காக என்னை அம்மாவிடமிருந்து பிரித்துவிட்டார்.

வண்டி கிளம்பியது. குதிரை வெள்ளையும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல், அலசி அலசி வெளுத்த திரைச்சீலை நிறத்தில் இருந்தது. டாங்காவாலா இடது பக்கம் மயில் என்றார், வலது பக்கம் ஆலமரம் என்றார். நான் எதையும் பார்க்கவில்லை. என் காதெல்லாம் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"ஏட்டி, அந்த மாமா ஸ்கூட்டர் வாங்கிட்டாவளா?" என்று அம்மா கேட்டாள்.

"வாங்கி நாலு மாசமாச்சு சித்தி. ஓட்டத்தான் தெரியல. டெய்லி உருட்டிக்கிட்டேதான் ஆபீசுக்குப் போவாவ."

"உருட்டிக்கிட்டா?"

"ஆமா. தலையில ஹெல்மெட்ட வேற போட்டுக்கிடுவாவ. யாராச்சும் கேட்டா பெட்ரோல் தீந்துட்டுன்னு சொல்லுவாவ. நாலு மாசமா தெனமும் பெட்ரோல் தீந்துட்டு."

அவ்வளவுதான். அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். எங்கள் முதுகுகளுக்கு நடுவில் இருந்த பலகை குலுங்கியது. அவள் சிரிப்பு பலகை வழியாக என் முதுகில் ஏறியது, எனக்கோ எதற்குச் சிரிக்கிறாள் என்றே தெரியவில்லை. உருட்டுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு பேர் ஒன்றாகக் குலுங்கினார்கள், நான் தனியாகக் குலுங்கினேன் என்பதுதான்.

பொறுக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, எனக்கு உல்டி ஆகுது," என்றேன். வாந்தி என்ற சொல் எனக்கு அப்போது வாயில் வராது. குதிரையின் நாற்றம் என்று காரணமும் சேர்த்துக்கொண்டேன். பாவம் குதிரை, அதன்மேல் பழி போட்டாயிற்று. அம்மா பதறிப்போய் வண்டியை நிறுத்தச் சொன்னாள். டாங்காவாலா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, இனி ஏற்றம்தான், பெரிய பெண் முன்னால் வந்தால் நல்லதுதான் என்றார். அக்கா இறங்கி முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் பின்னால் போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். வெற்றி.

அம்மா முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாள். மூங்கில்கள் எங்களை விட்டுப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. நான் அவள் பேசுவதற்காகக் காத்திருந்தேன். அவள் பேசவில்லை. சரி, நாமே ஆரம்பிக்கலாம் என்று, அந்த மாமா கதையை எனக்கும் சொல் என்றேன். அம்மா சொன்னாள். நான் புரிந்துகொள்ள வேண்டுமே என்று பாதி இந்தியில் சொன்னாள். ஒரு அங்கிள் இருந்தார். ஸ்கூட்டர் வாங்கினார். அவருக்கு ஓட்டத் தெரியாது. அதனால் தள்ளிக்கொண்டு போனார்.

"ஃபிர்?" என்றேன். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அவ்வளவுதான்," என்றாள் அம்மா.

சிரிக்க வேண்டிய இடம் வரும் என்று இருவருமே கொஞ்ச நேரம் காத்திருந்தோம். வரவில்லை. ஒரு மயில் சாலையைக் கடந்து போனது. அம்மா, "தேக்கோ, மோர்," என்று மயிலை இந்தியில் காட்டினாள். நானும் பார்த்தேன். அந்தக் கதைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது எப்போது என்றால், அப்பா ஓய்வு பெற்று நாங்கள் ஊரோடு வந்து, எட்டாம் வகுப்பில் எல்லாரும் கேலி செய்யச் செய்ய நான் தமிழ் படித்து, அதற்கும் பல நாள் கழித்து. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், ஹெல்மெட் போட்டுக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க உருட்டிக்கொண்டு போகும் மனிதர் திடீரென்று கண்முன் வர, கொடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

டாங்காவில் அப்போது வேறு கூத்து நடந்துகொண்டிருந்தது. முன்னால் அக்காவிடம் டாங்காவாலா கடிவாள வாரைக் கொடுத்துவிட்டார். அவளுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அதனாலேயே இரண்டு பேருக்கும் பேச்சு பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மா கழுத்தைத் திருப்பி, "ஏட்டி, மெள்ளப் பிடிட்டி, கீழ தள்ளிராத," என்றாள். அப்புறம் ஏரி வரும்வரை அந்தக் கழுத்து முன்பக்கம் திரும்பியே இருந்தது. எனக்குக் கிடைத்தது அம்மாவின் இடுப்பும் பின்னந்தலையும்தான். கடிவாளமும் போயிற்று. அதை நான் வேண்டாம் என்று விட்டுவந்தது மறந்துபோய், அவள் பிடுங்கிக்கொண்டதாகவே எனக்குத் தோன்றியது.

ஏரிக்கரையில் அம்மாவும் அக்காவும் தண்ணீரில் காலை நனைத்தார்கள். நான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. பின் இருக்கையைக் காவல் காத்தேன். ஆனால் திரும்பும்போது இறக்கம். இறக்கத்தில் பாரம் பின்னால் இருக்க வேண்டுமாம். டாங்காவாலா வந்தார், மறுபடியும், "பேபி ஆகே." உல்டி என்றேன். வந்தால் அந்தப் பக்கம் குனிந்துகொள் என்று காட்டினார். சரி, கடிவாளத்தையாவது கொடுங்கள் என்றேன். இறக்கத்தில் கொடுக்க மாட்டாராம். எனக்கு எதுவுமே இல்லாமல் போயிற்று.

முதுகுக்குப் பின்னால் மறுபடியும் பேச்சு. இந்த முறை பலகை குலுங்கவில்லை. அம்மாவின் குரல் தணிந்திருந்தது. திரும்பி, பலகை மேல் எக்கிப் பார்த்தேன். அம்மாவின் தலை அக்காவின் தோளில் சாய்ந்திருந்தது. பெரியவள் போய்ச் சின்னவளின் தோளில் சாய்வதாவது. அது என் தோளாகக்கூட இல்லை.

"நாளைக்கு நீ போயிருவ," என்றாள் அம்மா. "பொறவு நான் ஊமதாண்டி."

அக்கா அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஊமை என்ற சொல் எனக்குத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் பேச முடியாதவர், அவரை அம்மா அப்படித்தான் சொல்வாள். அதனால் அந்த வாக்கியம் எனக்கு நன்றாகவே புரிந்தது, கோபமும் தலைக்கு ஏறியது. காலையில் எழுப்புவதிலிருந்து ராத்திரி போர்த்திவிடுவதுவரை என்னோடு பேசிக்கொண்டுதானே இருக்கிறாள்? அதெல்லாம் கணக்கில் வராதா? வீட்டில் நான் ஒருத்தி இருக்கும்போது எப்படி ஊமையாவாள்? பூங்கா வாசல் வரும்வரை குதிரையின் காதையே முறைத்துக்கொண்டு வந்தேன். இறங்கினதும் அப்பா சவாரி எப்படி இருந்தது என்று கேட்டார். மோசம் என்றேன்.

மறுநாள், ஊருக்குப் போகும் தெரிந்த குடும்பம் ஒன்றோடு அக்காவை ரயிலேற்றிவிட்டோம். ஜன்னல் வழியாக அவள் என் கன்னத்தைத் தட்டி, அம்மாவைப் பார்த்துக்கோ என்றாள். எங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள எனக்கு இவள் சொல்ல வேண்டுமா என்று மனதுக்குள் கருவினேன். ரயில் நகர்ந்தபோது கையைப் பலமாக ஆட்டினேன். அன்போடு ஆட்டுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அப்பா ஸ்டேஷனிலிருந்து நேரே டியூட்டிக்குப் போய்விட்டார். நானும் அம்மாவும் மட்டும் ஆட்டோவில் திரும்பினோம். முன்னால் டிரைவர் மட்டும்தான், பின்னால் வேறு யாரும் இல்லை. அம்மாவின் பக்கத்து இடம் முழுவதும் எனக்குத்தான். நன்றாக ஒட்டிக்கொண்டு, என்ன யோசிக்கிறாய் என்று கேட்டேன்.

"குச் நஹி, பேட்டா," என்றாள் அம்மா. ஒன்றுமில்லையாம்.

அந்த இந்தியைக் கேட்டதும் எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பேட்டா என்றாள். என் பேச்சுக்குத் திரும்பி வந்துவிட்டாள், எனக்கே எனக்கென்று வந்துவிட்டாள் என்று அவள் கையை எடுத்து, அக்கா செய்த மாதிரியே என் மடியில் வைத்துக்கொண்டேன். லோஹேகாவ் வரும்வரை அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ரயிலில் ஊருக்குப் போனது அக்கா மட்டும்தான் என்று அன்று நான் நினைத்திருந்தேன்.