பூக்கேட்கப் போன நாத்திகர்

தாம்பாளத்தில் கற்பூரம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் தைத்த உருப்படிகளில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்கு நான் சேர்ந்த புதிது. புது ஆர்டருக்கு முதல் துணி வெட்டும் நாளில், கட்டிங் மேஜையைச் சுற்றி முதலாளி கற்பூரம் காட்டுவது அங்கே வழக்கம். அன்றும் மேஜை நிறையத் துணி அடுக்கடுக்காக விரித்துக் கிடந்தது. தட்டு துணிக்கு மேலே வந்ததும் கட்டிங் மாஸ்டர் குறுக்கே கையை நீட்டிவிட்டார். “சாமிக்கு எங்க வேண்ணாலும் காட்டுங்க மொதலாளி, பஞ்சு மேல மட்டும் வேண்டாமுங்க” என்றார். முதலாளி முணுமுணுத்தபடி வாசல் பக்கம் போய்க் கற்பூரம் காட்டினார். மாஸ்டர் குழாயடிக்குப் போய்க் கை கழுவி, செருப்பை மேஜைக்கு அந்தப் பக்கமாகக் கழற்றி வைத்துவிட்டு, இரும்பு வலைக் கையுறையை மாட்டிக்கொண்டு மெஷினைப் போட்டார். எனக்குப் பக்கத்தில் இருந்தவள், “சாமியே இல்லைம்பாரு, துணியைக் கும்புடுறதப் பாரு” என்று காதில் சொன்னாள்.

போன மாதம் எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் ஒரு கேள்வியை வைத்துப் பேசினார்கள். நாத்திகமும் ஒரு மதம்தானா என்பது கேள்வி. ஆம் என்று ஒரு பக்கம், இல்லை என்று ஒரு பக்கம், நடுவில் போதகர். பையன்கள் இணையத்தில் படித்ததையெல்லாம் கொட்டினார்கள். நம்பிக்கை என்றால் என்ன, சடங்கு என்றால் என்ன என்று விளக்கம் மேல் விளக்கம். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு விளக்கமும் மனதில் ஏறவில்லை. மாஸ்டரின் முகம்தான் வந்துகொண்டே இருந்தது. அவரை இந்தப் பிள்ளைகள் பார்த்திருந்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் திணறிப் போயிருக்கும் என்று நினைத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள், வேதக்காரர்கள். மண்ணரையில் வாடகை வீடு. வாய் சும்மா இராது எனக்கு. சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன். “மாஸ்டர், ஒங்களதும் ஒரு வேதந்தான். எங்களுக்கு ஞாயித்துக்கெழம ஆராதனை, ஒங்களுக்குச் சனிக்கெழமக் கூட்டம். எங்களுக்குக் காணிக்கை, ஒங்களுக்குச் சந்தா. நாங்க சிலுவைய மாட்டி வச்சிருக்கோம், நீங்க தலைவர் படத்துக்கு மாலை போடுதிய. பெறகு என்ன வித்தியாசம்?” சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார், ஆனால் பதில் சொல்லவில்லை. வாயடைத்துவிட்டோம் என்று அன்று முழுக்க எனக்கு ஒரே கெத்து.

மறுநாள் காலையில் நான் உள்ளே நுழைந்ததும் நேராக என்னிடம் வந்தார். “அம்மிணி, நேத்து நீங்க கேட்டத ராத்திரி பூரா யோசிச்சனுங்க. மாலை விசயத்துல நீங்க சொன்னது நெசந்தான். அது பழக்க தோசம். இனிமே நான் போடறதில்லைன்னு வெச்சிருக்கறேன். சந்தா வேறீங்க, அது மண்டப வாடகைக்கு.” கேலிக்குச் சொன்ன ஒன்றை ஒரு மனிதர் வீட்டுக்குக் கொண்டுபோய், பிரித்துப் பார்த்து, பாதியை ஒத்துக்கொண்டு திரும்பி வருவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. எனக்குத் தெரிந்த பக்திமான்களில் யாரும் அப்படிச் செய்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். செக்கிங் மேஜையில் எனக்கு அடுத்த இடம் அவருடையது. நெற்றியில் திருநீறு இல்லாமல் அக்காவை நான் பார்த்ததில்லை. வீட்டில் சாமிப் படங்களுக்கு ஒரு பலகை உண்டு. ஆணி அடித்து அந்தப் பலகையை மாட்டிக் கொடுத்தவர் மாஸ்டர்தான். அமாவாசைக்கு அமாவாசை அக்காவைத் தன் வண்டியில் வைத்து, தாராபுரம் போகும் வழியில் இருக்கும் அவர்கள் குலதெய்வக் கோயிலுக்குக் கூட்டிப்போவார். அக்கா உள்ளே போக, இவர் வெளியே வேப்பமரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். தேங்காய்ப் பையை இவர் தூக்கிவந்ததைப் பார்த்துவிட்ட அவருடைய நாத்திக இயக்கத் தோழர் ஒருவர் கூட்டத்தில் அதைப் பெரிய குற்றமாகப் பேசினாராம். “தேங்காயத் தொட்டதுக்கு என்னைத் தள்ளி வெக்கறதுன்னா, அதுக்கும் தீட்டுக்கும் என்னங்க வித்தியாசம்?” என்று மாஸ்டர் கேட்டிருக்கிறார். இதை அக்கா என்னிடம் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையை என்னால் இன்றும் கேட்க முடிகிறது.

அவர்களுக்கு ஒரே மகள். அவளுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. பையன் பிரிண்டிங் கம்பெனியில் சூப்பர்வைசர். பார்த்துவிட்டுப் போன நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு ஓயவில்லை, போனும் கையுமாகவே திரிந்தார்கள். மாஸ்டருக்குப் பையனைப் பிடித்திருந்தது. அக்காவுக்கும் பிடித்திருந்தது. ஆனால் அந்த ஊர்ப் பக்கம் சாமியிடம் பூக்கேட்காமல் கல்யாணம் முடிவாகாது. ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளை அரளி. இரண்டையும் குலதெய்வ அம்மன் முன்னால் வைத்து, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று பொருள். வெள்ளை வந்தால் இல்லை. ஒருமுறை இல்லையென்று வந்தால் கொஞ்ச நாள் பொறுத்து இன்னொரு முறை கேட்கலாம், அதோடு சரி.

முதல்முறை வெள்ளை வந்தது.

அன்று அக்கா அழுதுகொண்டே வெளியே வந்தபோது, மாஸ்டர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றாராம். பரிகசிக்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் எதிரே உட்கார்ந்து பேசியிருக்கிறார். “ஏம்புள்ள, கொழந்த கைக்கு எது கிட்டக்க இருந்துச்சோ அத எடுத்துச்சு. அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல. நீ கும்புடறத நான் என்னிக்காச்சும் வேண்டாம்னு சொல்லிருக்கறனா? இது ஒண்ண மட்டும் விடு.” அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, முடியாது என்று சொல்லிவிட்டார். அம்மன் வேண்டாம் என்ற இடத்தில் மகளைக் கொடுத்துவிட்டு, நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலி வந்தாலும் தன்னால் தூங்க முடியாது என்றார். மாஸ்டர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. மகள் இரண்டு பேரோடும் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

சில நாள் கழித்து மாப்பிள்ளையின் பெரியப்பா கம்பெனிக்கு வந்தார். பட்டைத் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம், ஊர்க் கோயில் கமிட்டியிலும் இருப்பவர். எதிரே இருந்த டீக்கடைக்கு மாஸ்டரைக் கூப்பிட்டார். வடை வாங்கப் போன நான் பக்கத்தில் நின்றிருந்தேன். தெற்கத்திக்காரிதானே என்று அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. “பையன் ஒத்தக் கால்ல நிக்கறானுங்க சம்மந்தி. அடுத்த தடவ ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பே வெச்சுட்டாப் போச்சு. பூசாரிகிட்ட நான் பேசிக்கறனுங்க. உங்களுக்குத்தான் இதுல எல்லாம் நம்பிக்கை இல்லீங்களே, அப்பறம் என்ன?” என்றார். எனக்கு அது அருமையான யோசனையாகத்தான் பட்டது. நம்முடைய சாமி இல்லையே என்கிற தைரியம் வேறு. மாஸ்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “எனக்கு நம்பிக்கை இல்லீங்க. என்ற சம்சாரத்துக்கு இருக்குதுங்களே. அவளுக்குத் தெரியாம அவ நம்பிக்கையில கை வெக்க முடியாதுங்க” என்றார். பெரியப்பாவுக்கு முகம் சுருங்கிப்போனது. பொண்ணு கல்யாணத்தைவிட உங்களுக்கு வீம்பு பெரிசா என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

விஷயம் பையன் மூலமாக மகள் காதுக்குப் போயிற்று. மறுநாளே மதிய நேரத்தில் கம்பெனிக்கே வந்துவிட்டாள். அன்று அக்கா வேலைக்கு வரவில்லை. கட்டிங் ஹாலில் அத்தனை பேருக்கு முன்னால் அப்பாவிடம் கேட்டாள். “சாமியே இல்லைங்கறீங்க. அப்பறம் யாரை ஏமாத்தறதுக்குப் பயப்படறீங்கப்பா? அம்மாவுக்கு அம்மன், உங்களுக்கு உங்க கொள்கை. நான் யாருக்குமே இல்லீங்களா?” “உங்கம்மாவத்தான் கண்ணு” என்று மட்டும் சொன்னார். அவள் போனபின் வெகுநேரம் மெஷினைப் போடாமல் நின்றார். மகளுக்காக உருகுகிற மனிதர் அவர், அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். பிடிவாதக்காரர் என்று எனக்கே கோபம் வந்தது. மதம் பிடித்தவர்கள்தான் இப்படிப் பெற்ற பிள்ளையைவிடக் கொள்கையைப் பெரிதாக நினைப்பார்கள் என்று உள்ளுக்குள் திட்டினேன்.

அக்காவிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டாரின் மரியாதையைக் காப்பாற்றினாராம். எனக்கு அந்தக் கவலை ஏது? அடுத்த நாள் அக்கா வந்து செக்கிங் மேஜையில் உட்கார்ந்ததும் பெரியப்பா சொன்னது, மாஸ்டர் மறுத்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அக்கா கையில் இருந்த பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாப்பாட்டு மணி அடித்தபோதுதான் சொன்னார், “அப்படின்னா இந்தத் தடவ பொட்டலத்த அவரே கட்டட்டும்.”

நான் திகைத்துப்போனேன். “நம்பாதவரு கட்டுனா ஒங்க சாமி ஏத்துக்கிடுமாக்கா?”

“நம்பறவங்க என்ன பண்ணுவாங்கன்னுதான் பாத்துட்டமே கண்ணு.”

இத்தனை வருடத்தில் ஒருநாள்கூடக் கணவரை எதற்கும் கோயிலுக்குள் கூப்பிடாதவர் அன்றைக்குக் கூப்பிட்டார். மாஸ்டர் ஆடிப்போய்விட்டார். இயக்கத்தில் விஷயம் பரவியது. பூப்பொட்டலம் கட்டுகிறவருக்கு இனி மேடையில் இடமில்லை என்று, தேங்காய்ப் பையைக் குற்றமாகப் பேசிய அந்தத் தோழர் சொல்லி அனுப்பினார். அந்த வாரக் கடைசியில் மாஸ்டர் என்னிடம் வந்து, “நம்பாத காரியத்தச் செய்யறது பொய்யின்னா, நம்பிக் கேக்கறவளுக்கு மாட்டேன்னு சொல்றது என்னங்க அம்மிணி?” என்றார். எனக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. டீக்கடையில் அவர் காப்பாற்றியது கொள்கையை அல்ல. அதைத்தான் காப்பாற்றினார் என்றால், இப்போது வர மாட்டேன் என்று சொல்வது அவருக்கு எவ்வளவு சுலபம்.

துணைக்கு வா என்று அக்கா என்னையும் அழைத்துப் போனார். வேம்பின் நிழலைத் தாண்டி மாஸ்டர் உள்ளே வந்ததைப் பார்த்துப் பூசாரிக்கே ஆச்சரியம். மாஸ்டர் ஒரே தாளை இரண்டாகக் கிழித்தார். துணியை மடிக்கிற அதே கையால் இரண்டு பொட்டலத்தையும் ஒரே அளவாக, ஒரே மடிப்பாக மடித்தார். மடிக்கும்போது எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். கைக்குள் மாற்றி மாற்றிக் குலுக்கி அம்மன் காலடியில் வைத்துவிட்டு ஓரமாக வந்து நின்றார். மகள் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பையன் வீட்டார் எதிரே நின்றிருந்தார்கள். அக்கா வாய்விட்டுச் சொன்னார், “தாயே, உன்னை நம்பாத கையால வெச்சிருக்கறேன். உன்ற மனசுல இருக்கறதச் சொல்லு.” யார் வீட்டுப் பெண் குழந்தையோ, கோயிலுக்கு வந்திருந்த ஒன்று, தத்தித் தத்திப் போய் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தது.

சிவப்பு.

மகள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். பையன் வீட்டுப் பெண்கள் குலவை போட்டார்கள். பெரியப்பா மாஸ்டரின் தோளில் தட்டிக் கண்ணைச் சிமிட்டினார், “கெட்டிக்காரருங்க நீங்க, சம்மந்தி!” எனக்கும் அதுவேதான் தோன்றியது. கடைசியில் அப்பா என்கிற பாசம் வென்றுவிட்டது, நல்லதாயிற்று என்று நிம்மதியாக மூச்சுவிட்டேன். மாஸ்டர் பெரியப்பா முகத்தையும் என் முகத்தையும் பார்த்தார். முன்னால் போய், அம்மன் காலடியில் கிடந்த மற்றப் பொட்டலத்தை எடுத்தார். எல்லாரும் பார்க்க உள்ளங்கையில் வைத்துப் பிரித்தார்.

வெள்ளை அரளி.

பெரியப்பாவின் கை அவர் தோளுக்குத் திரும்பிப் போகவில்லை. நான் அவசரமாக அக்காவைத் தேடினேன், அவர் பார்த்தாரா என்று. அக்கா மகளை எழுப்பி நிறுத்தி நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பொட்டலத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.