கஸ்தூரி என்னை கோ-கார்ட்ல உட்கார வெச்ச நாள்

கஸ்தூரி போயிட்டா.

காலைல ஃபேக்டரி பஸ்ல ஏறி உட்கார்ந்ததும் அவ தம்பி மெசேஜ். "அக்கா, எங்க அக்கா இறந்துட்டாங்க. தூக்கத்துலயே." பொந்தியான்ல, அம்மா வீட்டுல...

அழுதுக்கிட்டேதான் எழுதுறேன். தப்பா டைப் பண்ணியிருந்தா மன்னிச்சுக்கோங்க.

அவளைத் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பாசிர் கூடாங்ல ஒரே ஃபேக்டரி, அவ லைன் லீடர், நான் சரக்கைச் சோதிக்கிற கியூசி. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. பெர்மாஸ் ஜெயால அவ ரூம் எடுத்திருந்தது என் வீட்டுக்கு ரெண்டு ரோடு தள்ளி.

லீவு நாள்ல நாங்க எல்லாம் மால் போவோம். அவ மட்டும் கோ-கார்ட் ஓட்டப் போவா. தரையோட தரையா ஓடுமே, கதவும் கூரையும் இல்லாத குட்டி ரேஸ் வண்டி... அது.

எனக்கு வேகம்னாலே ஆகாது. புருஷனோட மோட்டர் பைக்ல பின்னாடி உட்கார்ந்து போனப்போ லாரி இடிச்சு ரெண்டு பேரும் ஹைவேல உருண்டோம். அன்னைலேர்ந்து பஸ்ல கூட ஜன்னல் பக்கம் உட்கார மாட்டேன்.

அப்படிப்பட்ட என் பேரை, என்னைக் கேட்காமலேயே கம்பெனி ரேஸுக்குக் கொடுத்துட்டா. ஒரு டீமுக்கு ரெண்டு பேர், ஒரே வண்டி, பாதில ஆள் மாத்தணும்.

"பைத்தியமாடி உனக்கு? நான் செத்துருவேன்."

"சாக மாட்டே லா. பயப்படுறவதான் எனக்கு வேணும். பயமில்லாதவனுங்க முதல் வளைவுலயே போய் முட்டிக்குவானுங்க."

ஒரு வாரம் அவகூட பேசல. அப்புறம் எப்படியோ ப்ராக்டிஸுக்குப் போயிட்டேன்...

ஹெல்மெட்டுக்குள்ள என் மூச்சு சத்தம்தான் எனக்குக் கேட்டுச்சு. வளைவைப் பார்த்தாலே ரெண்டு பெடலையும் சேர்த்து மிதிச்சேன். வண்டி உறுமிட்டு அப்படியே செத்துப் போச்சு.

"அலமாக்! ஒரு நேரத்துல ஒரு கால்தான்டி. நேரா போறப்பவே பிரேக் அடிச்சு முடிச்சிரு, அப்புறம் திருப்பு. வளைவுக்குள்ள அடிச்சா வண்டி சுத்திரும்."

அப்புறம், "சுவத்தைப் பார்க்காத. சுவத்தைப் பார்த்தா வண்டியும் அங்கதான் போகும்."

முன்னாடி போறவனை எப்படி முந்துறதுன்னு கேட்டேன். அவசரப்படாம அவன் பின்னாடியே போகச் சொன்னா. எந்த வளைவுல அவன் அகலமா வெளிய போறான்னு பார்த்து வெச்சுக்கிட்டு, அடுத்த ரவுண்டுல அங்க உள்பக்கமா நுழையணுமாம்.

நான் எங்க முந்தப் போறேன்... உயிரோட இறங்கினா போதும்னு இருந்துச்சு.

ரேஸ் அன்னைக்கு முதல் பாதி அவ. மூணாவதா ஓடிக்கிட்டிருந்தா, ஆபீஸ் ஆளுங்க எல்லாம் ஒரே கத்தல்.

நான் கத்தல. வானத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன், மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு.

திடீர்னு அவ வண்டி உள்ள வருது. ஆள் மாத்துற நேரம் இன்னும் ஆகல. ஹெல்மெட்டைக் கழட்டுனா, முகம் வெளுத்துக் கிடக்கு.

"வளைவு ரெண்டா தெரியுதுடி," ன்னா. மெதுவா, எனக்கு மட்டும் கேட்குற மாதிரி.

"என்னடி சொல்ற?"

"அப்புறம் பேசலாம். நீ ஏறு."

ஏறிட்டேன். யோசிக்க நேரம் கொடுத்திருந்தா ஓடியிருப்பேன்.

ரெண்டு ரவுண்டு போனதும் தூறல். ஈரத்துல மெதுவா பிரேக் அடின்னு சொல்லித்தான் இருந்தா. பயத்துல ஓங்கி மிதிச்சுட்டேன், அதுவும் வளைவுக்குள்ளயே.

வண்டி சுத்தி நின்னுச்சு. நான் எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கேன், எல்லா வண்டியும் என்னைப் பார்த்து வருது.

இறங்கி ஓடிரலாமான்னு இருந்துச்சு. இறங்கக் கூடாது, கையைத் தூக்கிட்டு அப்படியே உட்காருன்னு அவ சொன்னது அந்த நேரத்துல எப்படியோ ஞாபகம் வந்துச்சு. தூக்கிட்டேன். மத்தவங்க மெதுவா வரணும்னு மஞ்சக் கொடி ஆட்டுனாங்க. ஒருத்தன் என் முழங்கால் பக்கத்துல உரசுற மாதிரி போனான், அவன் டயர் தெறிச்ச தண்ணி ஹெல்மெட்டெல்லாம்...

வண்டியைத் திருப்பி விட்டாங்க. எப்படி ஓட்டி முடிச்சேன்னு இன்னைக்கும் தெரியல. கடைசிக்கு முந்தின இடம்.

திரும்பி வந்து பார்த்தா டயர் அடுக்குக்குப் பின்னாடி குனிஞ்சு வாந்தி எடுத்துக்கிட்டிருக்கா. "காலைல சாப்பிடல லா, அதான்." நான் நம்பல. வண்டி சுத்தினப்போ கூட எனக்கு அவ்வளவு பயம் இல்ல.

ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுத்து, தலைக்குள்ள கட்டின்னு சொன்னாங்க. ஆப்பரேஷன், அப்புறம் மருந்து, அப்புறம் இன்னொரு ஆப்பரேஷன்.

ரெண்டாவதுக்கு முந்தின நாள் வார்டுல போய்ப் பார்த்தேன். மொட்டைத் தலை. என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல.

"பயமா இருக்குடி." அவ வாயில அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்ல. "அம்மாகிட்ட சொல்லாத."

"சொல்ல மாட்டேன்."

"நீ எப்படிடி அன்னைக்கு அவ்வளவு பயத்தோட ஓட்டுன?"

ஏதாவது நல்லதா சொல்லணும்னு பார்த்தேன். உண்மைதான் வந்துச்சு. "எப்படி இறங்குறதுன்னு தெரியல, அதான் ஓட்டுனேன்," ன்னேன்.

சிரிச்சா பாருங்க... நர்ஸ் மிஸ்ஸி வந்து அதட்டுற வரைக்கும் சிரிச்சா. கண்ணுல தண்ணி. அது சிரிப்புல வந்ததா என்னன்னு நான் கேட்கல.

அப்புறம் அவளைப் பொந்தியானுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஃபோன்ல பேசுவா, வார்த்தை குழறும். வைக்கிறப்போ எல்லாம் இதுதான் கடைசியோன்னு இருக்கும். நேத்து சாயங்காலமும் அப்படித்தான் இருந்துச்சு.

நாளைக்கு மத்தியானம் எடுக்குறாங்க. ஃபேக்டரிலேர்ந்து வேன் போகுது, வர்றவங்க எனக்கு மெசேஜ் பண்ணுங்க.

கஸ்தூரி... உன் அம்மா என் கையைப் பிடிச்சு, கடைசியா என்ன சொன்னான்னு கேட்பாங்க. பயமா இருக்குன்னு நீ சொன்னதை மட்டும் சொல்ல மாட்டேன். உன் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் பயமா இருக்கு.

வரேன்டி.