டொரிகா எரித்த தாள்கள்

எங்கள் தீவில், லெவுகா ஊர் மீன் ஆலையில் டொரிகாவும் நானும் ஒரே மேசையில் மீன் வெட்டுகிறோம். அவள் ஆறாம் வகுப்போடு நின்றவள். கணக்கு தப்பானால் அப்போதிருந்த மாஸ்டர் அவள் நோட்டை வகுப்புக்கே தூக்கிக் காட்டி அடிப்பாராம். சிவப்பு மை பட்ட தாளை இன்றும் கவிழ்த்துத்தான் வைப்பாள்.

அவள் மகள் உனாய்சிக்குப் பள்ளியில் கணக்குக் கோப்பு ஒன்று உண்டு. வருடம் முழுக்கப் போட்ட கணக்குகளைத் தொகுத்துக் கொடுத்தால் பாதி மதிப்பெண் அதற்குத்தான். தேறினால் தலைநகர் சுவாவில் நர்ஸ் படிப்பு.

கொடுப்பதற்கு முந்தின மாலை உனாய்சி கோயிலில் பாட்டுப் பழகப் போயிருந்தாள். டொரிகா கோப்பைத் திறந்து, சிவப்புக் கோடு விழுந்த தாள்களையெல்லாம் உருவி, மரவள்ளிக்கிழங்கு வேகும் அடுப்பில் போட்டாள். மழைக்குப் பயந்து மீதியைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டினாள். உனாய்சி அதைப் பிரிக்காமலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

மறுவாரம் உனாய்சியின் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, தப்பாப் போட்டுத் திருத்தின தாளெல்லாம் எங்க? பிள்ளை எப்படி யோசிச்சுதுன்னு பாக்கத்தானே இந்தக் கோப்பு? இப்ப யாரையோ பாத்து எழுதின மாதிரி இருக்கு."

"தப்புக்குமா மார்க்கு? எனக்கு அடிதானே போட்டாங்க, மாஸ்டர்!"

அவர் எவ்வளவோ எழுதிப் பார்த்தும் மேலிடம் ஏற்கவில்லை. உனாய்சி தேறவில்லை.

இப்போது அவளும் எங்கள் மேசையில் நிற்கிறாள். முதல் நாளே மேற்பார்வையாளர் அவள் கோணலாக வெட்டிய மீனை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். டொரிகா எட்டி அதைப் பிடுங்கித் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

"அது நான் வெட்டினது."

உனாய்சி தலை நிமிரவில்லை.

"இதையும் எடுத்துட்டியாம்மா?" என்றாள்.